பில்ஜில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு: சோப்பு கடைசியில்தான்

பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், படிந்த எண்ணெய்ப் பிசுக்கு எந்தத் திரவத்தை ஊற்றினால் போகும் என்றுதான் படகு உரிமையாளர்கள் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கடையில் பல நிறங்களில் புட்டிகள் இருக்கின்றன. ஊற்றிவிட்டு மறந்துவிடலாம் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருக்கிறது. மலேசியாவில் போர்ட்டிக்சன் பக்கம் பாய்மரப் படகுகளின் என்ஜினையும் அடிப்பகுதியையும் பராமரிப்பது என் பிழைப்பு. புட்டி வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. அதைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை முக்கால் பங்கு இருக்கிறது. அந்த வரிசையைப் புரட்டினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய திரவமும் எண்ணெயை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளுவதோடு நின்றுவிடும்.

தரைப்பலகையைத் தூக்கினால் கீழே தெரியும் பள்ளம்தான் பில்ஜ். படகுக்குள் எது சிந்தினாலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும்: என்ஜினில் கசியும் எண்ணெய், ஃபில்டர் மாற்றும்போது வழியும் டீசல், உந்துவிசிறியைச் சுற்றும் சுழல்தண்டு வழியே வரும் கடல்நீர், சமையல் மேடையிலிருந்து இறங்கும் குழம்பு, தலைமுடி, பெல்ட் தேய்ந்து உதிரும் கறுப்புத் தூள். மோட்டார் படகில் இந்தக் கலவை பெரும்பாலும் நடுவிலேயே கிடக்கும். பாய்மரப் படகு சாய்ந்து ஓடுவது. காற்று வலுத்துப் படகு ஒருபக்கம் சாயும்போது பில்ஜ் நீர் பக்கச்சுவரில் ஏறி, இருக்கைகளின் அடியில் உள்ள லாக்கர்கள் வரை போய்விடும். மறுபக்கம் திரும்பும்போது அந்தப் பக்கமும் ஏறும். நீர் திரும்பிக் கீழே வந்துவிடும், எண்ணெய் வராது. ஆகவே பள்ளத்தை மட்டும் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்க லாக்கர்களையும் காலி செய்து, அடிமூலைகளில் விரலால் தடவிப் பாருங்கள். பில்ஜ் சுத்தமாக இருந்தும் அரிசிப் பையில் டீசல் வாசம் வீசுகிறது என்றால் காரணம் அங்கேதான் இருக்கும்.

அழகுக்காகச் செய்யும் வேலை இல்லை இது. பள்ளத்து நீரை வெளியே தள்ளும் பில்ஜ் பம்பைத் தானாக ஓட வைப்பது, நீர் ஏறும்போது எழும் மிதவை உள்ள ஃப்ளோட் சுவிட்ச். அதன் கீல் இணைப்பில் பிசுக்கு ஏறினால் மிதவை கீழேயே ஒட்டிக்கொள்ளலாம். தண்ணீர் ஏறினாலும் பம்பு ஓடாது. அல்லது மேலேயே நின்றுவிடலாம். தண்ணீரே இல்லாமல் பம்பு ஓடி பேட்டரியைத் தீர்த்துவிடும். அடுத்தது, படகு கவிழாமல் அடியில் தாங்கும் கனமான அடிக்கீலைப் (keel) படகோடு பிணைக்கும் போல்ட்டுகள். பெரும்பாலான ஃபைபர் கிளாஸ் படகுகளில் அவற்றின் நட்டுகள் பில்ஜில்தான் வரிசையாக இருக்கின்றன. அவை எவர்சில்வர்தானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. அந்த உலோகம் துருப்பிடிக்காமல் இருக்கக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். உப்புநீரும் பிசுக்கும் சேர்ந்து மூடிய இடத்தில் அது மெல்ல அரிக்கப்படும், மேலே கறுப்புச் சேறு இருப்பதால் யார் கண்ணிலும் படாது. நாற்றத்துக்கும் மூலம் இந்தச் சேறுதான். கடல்நீரில் சல்பேட் உண்டு. காற்றுப் படாத அடுக்கில் வாழும் பாக்டீரியாக்கள் அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. படகுக்குள் இறங்கியதும் மூக்கில் ஏறும் அழுகிய முட்டை வாசம் அதுதான்.

முதல் நாள் துணியும் தூரிகையும் தேவையில்லை, டார்ச் விளக்கு போதும். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் சுத்தம் செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் நிறைக்கிற வேலை. நிறத்தையும் குழைவையும் பாருங்கள். கறுப்பாக, விரலிடையில் வழுக்கினால் என்ஜின் எண்ணெய். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் கியர் பெட்டியில் ஊற்றிய திரவம். மெல்லியதாக, விரலில் நிற்காமல் ஓடி, வாசம் மட்டும் தூக்கலாக இருந்தால் டீசல். வெளுத்த களிம்பாகக் கட்டிகட்டியாக இருந்தால், சுழல்தண்டு வெளியேறும் இடத்தில் கடல்நீரைத் தடுக்கும் ஸ்டஃபிங் பாக்ஸிலிருந்து பிதுங்கிய கிரீஸ். பழைய வகை ஸ்டஃபிங் பாக்ஸ், தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு நீர் விட வேண்டும். அதுதான் அதற்குக் குளிர்ச்சி. படகு நிற்கும்போதும் விடாமல் ஒழுகினால் இறுக்கவோ உள்ளே உள்ள கயிற்றை மாற்றவோ வேண்டும்.

என்ஜினின் வெளிப்புறத்தைத் துடைத்துக் காய வைத்து, சந்தேகமான இணைப்புகளின் மேல் முகப்பவுடரை லேசாகத் தூவிவிட்டு என்ஜினை ஓட்டுங்கள். கசிவு இருந்தால் வெள்ளைப் பவுடரில் ஒரு கறுப்புக் கோடு இறங்கும். ஓடும் பெல்ட்டின் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். என்ஜினை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

இனி மின்சாரம். சோப்பும் எண்ணெயும் கலந்த நீரைப் பம்பு தானாகக் கடலில் தள்ளிவிடக் கூடாது, அதனால் அதை முதலில் நிறுத்த வேண்டும். இங்கே பலர் ஏமாந்துவிடுகிறார்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் பில்ஜ் பம்பு அணையாது. ஆளில்லாத நேரத்திலும் ஓட வேண்டும் என்பதற்காக அதை நேராக பேட்டரியில் இணைத்திருப்பார்கள். அதற்கென்று தனியாக ஒரு ஃப்யூஸ் இருக்கும்; அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போடாமல், ஏணிப்படியில் கண்ணில் படும்படி டேப் போட்டு ஒட்டுங்கள். திரும்பப் போடாமல் யாரும் கரையேறக் கூடாது. மெயின் சுவிட்சையும் அணையுங்கள். சமையல் எரிவாயு சிலிண்டரின் வால்வை மூடுங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் நீங்கள் தலையை விடப்போகும் அதே பள்ளத்தில்தான் போய்த் தேங்கும். மேல்மூடிகள் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். காலையில் தொடங்கினால் நல்லது. நண்பகலில் இந்த ஊர் வெயிலில் மூடிய படகுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்வது மயக்கத்தில் முடியும்.

இப்போதுதான் எண்ணெயைத் தொடுகிறோம். எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் அடியில் இருக்கும். என்ஜின் எண்ணெய் மாற்றப் பயன்படும் கையால் அடிக்கும் உறிஞ்சுபம்பு இருந்தால், அதன் குழாயைப் பள்ளத்தின் அடிவரை இறக்கி, மெதுவாக அடித்தண்ணீரை மட்டும் ஒரு வாளியில் எடுங்கள். மேலே உள்ள எண்ணெய்ப் படலம் குழாயின் வாய்க்கு வருவதற்குள் நிறுத்திவிடுங்கள். அந்த வாளியிலும் எண்ணெய் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதையும் கடலில் கொட்டக் கூடாது.

மிச்சமுள்ள படலத்தின் மேல் எண்ணெய் உறிஞ்சும் வெள்ளை விரிப்பைப் போடுங்கள். கடையில் சாம்பல் நிறத்திலும் இருக்கும். அது தண்ணீரையும் சேர்த்துக் குடிக்கும், நமக்கு உதவாது. வெள்ளை விரிப்பு பாலிப்ரோப்பிலீன் இழைகளால் ஆனது. எண்ணெயை உள்ளே விடும், தண்ணீரைச் சேர்க்காது. போட்ட சில நிமிடங்களிலேயே ஓரத்திலிருந்து பழுப்பு நிறம் ஏறுவதைப் பார்க்கலாம். இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் பிழியாமல் அப்படியே தூக்கிப் பையில் போட்டு, புதியது ஒன்று போடுங்கள்.

நான் சோப்பைத் தள்ளித் தள்ளி வைப்பதன் காரணமும் இந்த விரிப்புதான். சோப்பு எண்ணெயை நுண்ணிய துளிகளாக உடைத்து நீரோடு கலந்துவிடும். அப்படிக் கலந்த பிறகு விரிப்பு அதைச் சரியாகப் பிடிக்காது. ஒரு கிண்ணம் எண்ணெயாகத் தனியே எடுத்திருக்கக்கூடியது, இரண்டு வாளி கலங்கல் நீராகிவிடும். அதிரசம் சுட்ட வாணலியை யாரும் நேராகக் குழாயடியில் வைப்பதில்லை. எண்ணெயை வடித்து, காகிதத்தால் வழித்துவிட்டுத்தான் தேய்ப்பார்கள். பில்ஜில் மட்டும் எல்லோரும் முதலில் சோப்பை ஊற்றுகிறார்கள்.

நீரும் எண்ணெயும் போன பிறகு மிஞ்சுவது சேறு. என்ஜினுக்கு அடியில், இரண்டு நெடுக்குச் சட்டங்களுக்கு நடுவில், அது விரல் தடிமனுக்கு இருக்கும். மேலே தோல் கட்டியிருக்கும். பிளாஸ்டிக் சுரண்டியை நுழைத்தால் தோல் சுருங்கிக்கொண்டு நகரும், அடியில் இன்னும் ஈரமாக, பளபளப்பாக இருக்கும். அதற்குள் கேபிள் கட்டும் பட்டையின் வெட்டிய நுனிகள், காணாமல் போன வாஷர், தேக்கு மரத்தூள், ஒரு தீக்குச்சி. இதை உலர்ந்த நிலையிலேயே வழித்து எடுக்க வேண்டும். இரும்புச் சுரண்டி வேண்டாம். ஃபைபர் கிளாஸின் மேல் உள்ள வழுவழுப்பான பூச்சான ஜெல்கோட்டைக் கீறிவிடும், கீறலில் எண்ணெய் இறங்கிவிட்டால் பிறகு வருவதே இல்லை. காலாவதியான வங்கி அட்டை மூலைகளுக்கு மிகவும் பொருத்தம். வளையும், ஆனால் முனை மழுங்காது. வழித்ததைப் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கைக்கு எட்டாத இடத்துக்கு ஒரு மூங்கில் குச்சியில் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். என்ஜினின் மறுபக்கத்தைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடி போதும். கையுறை நைட்ரைலாக இருக்கட்டும். சாதாரண ரப்பர் கையுறை எண்ணெய் பட்டால் ஊறிப்போகும்.

குறுக்குச் சட்டங்களின் அடியில் நீர் ஓடுவதற்குச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். பிசுக்கு முதலில் அடைப்பது அவற்றைத்தான். துளை அடைத்தால் ஒவ்வொரு அறையிலும் தனித்தனியாக நீர் தேங்கும், பம்பு இருக்கும் இடத்துக்கு வரவே வராது. நைலான் கயிற்றில் ஒரு சாண் இடைவெளியில் முடிச்சுப் போட்டு, துளை வழியே கோத்து முன்னும் பின்னும் இழுங்கள். பழைய மரக்கப்பல்களில் இந்தத் துளைகளின் ஊடே ஒரு சங்கிலியையே நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தார்கள். அவ்வப்போது இழுத்தால் அடைப்பு விடும். நல்ல ஏற்பாடு. நைலான் கயிற்றை நீங்களும் அப்படியே விட்டுவைக்கலாம்.

சுரண்டிய பிறகு தெரிவது வார்னிஷ் அடித்ததுபோன்ற பழுப்புப் பூச்சு. அது வெறும் எண்ணெய் அல்ல. வெப்பத்திலும் காற்றிலும் கெட்டியாகிப்போன எண்ணெய். இதற்குத்தான் கரைப்பான். என்ஜின் எண்ணெய் கனிம எண்ணெய் என்பதை நினைவில் வையுங்கள். தேங்காயெண்ணெயையும் நெய்யையும் காரம் சோப்பாக மாற்றிவிடும். கனிம எண்ணெயில் அந்த மாற்றம் நடக்காது. அதனால் சமையலறை அடைப்புக்கு வாங்கிய காஸ்டிக் சோடாவைக் கொண்டுவந்து கொட்டுவதில் பயனில்லை, கேடு உண்டு: பள்ளத்தில் அலுமினிய பாகம் எதுவும் இருந்தால் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், உங்கள் தோலையும் விடாது. துணியில் சிறிது மண்ணெண்ணெய் நனைத்துத் தேய்த்தால் பெரும்பாலான பூச்சு இளகிவிடும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த டீகிரீசரும் (பிசுக்கு நீக்கி) நன்றாக வேலை செய்யும், வாசமும் சகிக்கக்கூடியது. இரண்டும் தீப்பிடிக்கக்கூடியவை, ஆகவே ஊற்றாதீர்கள், துணியில் எடுத்துத் தடவுங்கள். கால் மணி நேரம் ஊற விட்டு, காய்வதற்குள் துடையுங்கள். ரப்பர் குழாய்களின் மேல் நெடுநேரம் படவிடாதீர்கள், வீங்கிவிடும். பெட்ரோல் கூடவே கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும், ஒரு பொறி போதும். அசிட்டோனும் அதே ரகம்தான். கரைப்பான் நனைந்த துணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு உடனே படகுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

கரைப்பானைத் தண்ணீர் படாத இடத்தில்தான் தடவ வேண்டும். ஈரத்தின் மேல் தடவினால் அது நீரின் மேல் மிதந்துகொண்டிருக்குமே தவிரப் பூச்சைத் தொடாது.

இப்போது சோப்பு. நீரில் கலக்கும் டீகிரீசரை லேபிளில் உள்ள அளவில் வெந்நீரில் கரைத்து, கழிப்பறை தூரிகை, பாட்டில் கழுவும் தூரிகை இரண்டையும் கொண்டு தேயுங்கள். வெந்நீர் என்றால் கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல். கொதிக்கும் நீர் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் போதாதா என்று கேட்பார்கள். எண்ணெயை எடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதன் நுரையை அலசி முடிப்பதற்குள் பொழுது போய்விடும். ப்ளைவுட் தடுப்புச் சுவர்கள் பில்ஜில் இறங்கும் இடத்தில் கவனம் வேண்டும். வெட்டுமுகத்தில் எண்ணெய் ஊறியிருக்கும். அங்கே தண்ணீரை அடிக்காமல் நனைத்த துணியால் மட்டும் ஒற்றி எடுங்கள். பிளீச்சிங் திரவம் நாற்றத்தைப் போக்கும் என்று ஊற்றுபவர்கள் உண்டு. குளோரின் எவர்சில்வர் நட்டுகளில் குழி விழச் செய்யும். வினிகரோ அம்மோனியாவோ அருகில் இருந்தால் நச்சு வாயு கிளம்பும். பிசுக்கு போனாலே நாற்றம் போய்விடும். பிளீச்சுக்கு இங்கே வேலை இல்லை.

டீகிரீசர் கரைசலை ஊற்றிவிட்டுப் படகைக் கடலுக்கு எடுத்துப்போனால் அலையே தேய்த்துவிடும் என்று பழைய மாலுமிகள் சொல்வார்கள். உண்மைதான், கை எட்டாத இடங்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. மலாக்கா நீரிணையில் பிற்பகல் காற்றில் இரண்டு மணி நேரம் இருபக்கமும் மாறி மாறிச் சாய்த்து ஓட்டினால் போதும். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. சேற்றை முதலில் வழித்திருக்க வேண்டும். லாக்கர்கள் காலியாக இருக்க வேண்டும். கடலுக்குப் போகும்போது பம்பின் ஃப்யூஸ் அதன் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே கரைசல், மிதவை எழும் அளவுக்குக் கீழேயே இருக்கட்டும், சாயும்போது பம்பு ஓடுகிறதா என்று காது கொடுங்கள், ஓடினால் கரைசல் அதிகம் என்று பொருள், உடனே வாளியில் இறைத்துவிடுங்கள். தென்மேற்குப் பருவத்தில் விடியலுக்கு முன் திடீரென்று வந்து அடிக்கும் சுமத்ராக் காற்று உள்ள நாட்களில் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

அழுக்கு நீரை உறிஞ்சுபம்பாலும் பெரிய ஸ்பாஞ்சாலும் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி எடுங்கள். ஈரம் உறிஞ்சும் மின்சார வேக்யூமை இந்தக் கட்டத்தில் பயன்படுத்தலாம்; எண்ணெயும் கரைப்பானும் இருந்தபோது அல்ல, அதன் மோட்டாரில் பொறி பறக்கும். காய்ந்ததும் வெள்ளை டிஷ்யூ காகிதத்தால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பழுப்பு நிறம் ஏறினால் கரைப்பானுக்குத் திரும்பிப் போக வேண்டும். பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் இன்னும் கடுமையான சோதனை ஒன்று உண்டு. சிறிது நீர் தெளியுங்கள். அது விரிந்து ஒரே படலமாக நின்றால் பரப்பு சுத்தம், முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. இந்தச் சோதனையில் தேறாமல் உப்புத்தாள் போடாதீர்கள். தேய்க்கிற தேய்ப்பில் எண்ணெய் கீறல்களுக்குள் இறங்கிவிடும், மேலே அடிக்கும் பெயிண்ட் ஏடாக உரிந்து வரும். பெயிண்ட் வெள்ளையாகவோ வெளிர் சாம்பலாகவோ இருக்கட்டும்; அடுத்த சொட்டு எங்கே விழுந்தது என்று தெரியும்.

சேர்த்து வைத்த கழிவைப் பற்றி மரினாவில் யாரும் பேச விரும்புவதில்லை. இரவில் பம்பை அழுத்தினால் யாருக்குத் தெரியும் என்ற எண்ணம். மலேசியாவில் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 27ஆம் பிரிவு எண்ணெயையோ எண்ணெய் கலந்த நீரையோ கடலில் விடுவதைத் தடை செய்கிறது. 400 கிராஸ் டன்னும் அதற்கு மேலும் உள்ள பெரிய கப்பல்கள்கூட, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் சர்வதேச மார்போல் உடன்படிக்கைப்படி, பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாதபடி வடிகட்டிய நீரைத்தான் வெளியேற்றலாம். நம் வாளியில் இருப்பதோ அதைவிடப் பல மடங்கு அதிகம். சோப்பு கலந்துவிட்டால் கடலில் பளபளப்பு தெரியாது என்பது ஒரு சமாதானமே அல்ல; எண்ணெய் மறைந்துவிடவில்லை, நீருக்குள் இறங்கியிருக்கிறது. சுத்த எண்ணெய் ஒரு கேன், சோப்பு கலந்த நீர் இன்னொரு கேன், துணியும் விரிப்பும் தனிப்பை என்று பிரித்து வையுங்கள். இங்கே, தனியாகக் கையாள வேண்டிய அபாயக் கழிவுகளின் அட்டவணைக் கழிவுப் பட்டியலில் (scheduled wastes) பழைய உயவு எண்ணெய்க்கு 305, எண்ணெய் கலந்த நீருக்கு 309, கறைபட்ட துணிக்கு 410 என்று தனித்தனி எண்களே உண்டு. பிரித்துக் கொடுத்தால் பழைய எண்ணெய் சேர்க்கும் பட்டறை வாங்கிக்கொள்ளும். எண்ணெய் டிரம்மில் சோப்பு நீரைக் கலந்து ஊற்றினால் மொத்த டிரம்மும் கெட்டுவிடும், மறுமுறை உங்களைக் கண்டாலே கதவைச் சாத்துவார்கள்.

திரும்பப் பொருத்தும்போது பம்பின் அடிவடிகட்டியைக் கழற்றி, சுழலியில் சுற்றியுள்ள முடியை எடுங்கள். ஃப்யூஸைப் போட்டு, மிதவையைக் கையால் தூக்குங்கள். பம்பு ஓட வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். பிறகு ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, மிதவை தானாக எழுகிறதா என்றும் பாருங்கள். கையால் தூக்கினால் மட்டும் ஓடும் சுவிட்சை மாற்றிவிடுங்கள். அடிக்கீல் நட்டுகளைச் சுற்றித் துருக்கோடு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல தருணம் வராது. இருந்தால் படம் எடுத்து, படகைக் கரையேற்றும் பட்டறையில் காட்டுங்கள்.

மறுபடி சேராமல் இருக்க, எண்ணெய் மாற்றும் நாளில்தான் எச்சரிக்கை வேண்டும். 1980களின் படகுகளில் நிறையக் காணப்படும் யான்மார் 3ஜிஎம்30 போன்ற சிறிய டீசல் என்ஜின்களில் எண்ணெய் வடிக்கும் அடித்திருகைக் கழற்ற இடம் இருக்காது. எண்ணெய் அளவு பார்க்கும் கோலின் துளை வழியே உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் படுத்திருக்கும் ஃபில்டரை அவிழ்க்கும்போது, அதன் மேல் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை மாட்டிவிட்டுத் திருகுங்கள். வழியும் எண்ணெயும் ஃபில்டரும் பைக்குள்ளேயே விழும். என்ஜினுக்கு அடியில் ஒரு தட்டு, அதில் ஒரு வெள்ளை விரிப்பு. பள்ளத்தில் எண்ணெய் உறிஞ்சும் உருளை ஒன்று. அந்த உருளையை ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையைச் சட்டத்தில் முடிந்துவிடுங்கள். கட்டாமல் விட்டால், படகு சாயும் முதல் நாளே அது மிதந்து போய்ப் பம்பின் வாயை அடைத்துக்கொள்ளும்.